குன்னூர் ஏ320 சிமுலேட்டர்: ஓட்டாத சீட்டுக்காகவே போகலாம்

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் ரோட்டில், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு பழைய வீட்டின் பின்கட்டில், ஓய்வுபெற்ற ஏர்லைன் கேப்டன் ஒருவர் ஏர்பஸ் ஏ320 காக்பிட் போலவே ஒன்றைக் கட்டி வைத்து, ஒரு நேரத்துக்கு இரண்டு பேரை மட்டும் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுக்கிறார். வாசலில் போர்டு கிடையாது. பெயரையும் நம்பரையும் பொதுவில் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் நானும் போடவில்லை, குன்னூரில் விசாரித்தால் வழி சொல்லிவிடுவார்கள். நாலு மணி நேரம், இரண்டு பேருக்கும் சேர்த்து ஏழாயிரம் ரூபாய். பைலட்தான் ஆவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிற, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் தங்கை மகனோடு போனேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விமானத்தை எடுத்து, மலைக்கு மேலே ஒரு ரவுண்டு அடித்து, இறக்கி, போட்டோ எடுத்துக்கொண்டு வரலாம் என்று போகிறவர்களுக்கு இந்த இடம் பிடிக்காது. நேரத்தில் சரிபாதி நீங்கள் ஓட்டவே மாட்டீர்கள். ஓட்டுகிற ஆளுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பார்த்து, சரிபார்த்து, தப்பு தெரிந்தால் வாய்விட்டுச் சொல்வதுதான் உங்கள் வேலை. எனக்கு அந்தப் பாதிதான் கொடுத்த காசுக்கு மேலே கிடைத்தது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

சாதனங்கள் பற்றிச் சுருக்கமாக. ஆடி அசையாத, தரையில் பதித்த சிமுலேட்டர் இது. இரண்டு சீட், விமானத்தைத் திருப்ப, ஏற்ற, இறக்க இரண்டு சைடுஸ்டிக் கைப்பிடிகள், நடுவில் இஞ்சின் சக்தியை வைக்கும் த்ரஸ்ட் லீவர், இறக்கையில் விரிந்து மடங்கும் ஃபிளாப் மடல்களுக்கான லீவர், எதிரே திரைகள், வெளியே காட்சிக்கு புரொஜெக்டர். தலைக்கு மேலே இருக்கும் பேனலில் பாதி சுவிட்சுகள் நிஜம், மீதி ஒட்டிய படம். அரசு அங்கீகாரம் பெற்ற சிமுலேட்டர் கிடையாது, கமர்ஷியல் லைசென்ஸுக்குத் தேவைப்படும் 200 மணி நேரப் பறத்தலில் இங்கே உட்கார்ந்த ஒரு நிமிடம்கூடச் சேராது, அதை அவரே முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுகிறார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

முதல் ஒரு மணி நேரம் காக்பிட்டுக்குள்ளேயே விடவில்லை. சாப்பாட்டு மேசை மேல் காக்பிட் படத்தை விரித்து, எதிரே இரண்டு நாற்காலி போட்டு, யார் கை எங்கே போகும், யார் வாய் எப்போது திறக்கும் என்று அதிலேயே பழக்கினார். பையனுக்குப் பொறுமையே இல்லை, உள்ளே நிஜ சீட் இருக்கும்போது பேப்பரில் என்ன என்ற முகம். ஆனால் முழு வகுப்பிலும் விஷயம் அடர்ந்திருந்தது அந்த மேசையில்தான்.

கேப்டன் இடது சீட், ஃபர்ஸ்ட் ஆபீசர் வலது சீட் என்பது எல்லோருக்கும் தெரியும். அது பதவி. அதற்கு மேல் ஒவ்வொரு பயணத்துக்கும் இன்னொரு பங்கீடு இருக்கிறது: ஒருவர் ஓட்டும் பைலட், மற்றவர் கண்காணிக்கும் பைலட். போகும்போது கேப்டன் ஓட்டினால் திரும்பி வரும்போது ஃபர்ஸ்ட் ஆபீசர் ஓட்டுவார், பெரும்பாலும் இப்படி மாற்றி மாற்றித்தான். விமானத்துக்கு முழுப் பொறுப்பு எப்போதும் கேப்டன்தான், அது மாறாது. ஆனால் ஃபர்ஸ்ட் ஆபீசர் ஓட்டுகிற முறையில் ரேடியோவில் பேசுவது, செக்லிஸ்ட் வாசிப்பது, சக்கரத்தை மடக்குகிற லீவரை இழுப்பது எல்லாம் கேப்டனின் வேலை. முப்பது வருட அனுபவம் உள்ளவர், நேற்று சேர்ந்த பிள்ளை 'கியர் அப்' என்று சொன்னதும் லீவரைத் தூக்க வேண்டும்.

சொன்னதைச் செய்வது என்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்வதும் கிடையாது. 'ஃபிளாப்ஸ் ஒன்' என்று ஓட்டுபவர் கேட்டால், மற்றவர் முதலில் வேகத்தைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு ஃபிளாப் நிலைக்கும் ஒரு வேக வரம்பு உண்டு, அதைத் தாண்டி இறக்கினால் இறக்கை பாகங்களுக்குச் சேதம். வேகம் சரியாக இருந்தால் 'ஸ்பீடு செக்டு, ஃபிளாப்ஸ் ஒன்' என்று சொல்லிவிட்டு லீவரை நகர்த்துவார். அதாவது ஒரு லீவர் நகர இரண்டு மூளை சம்மதிக்க வேண்டும். அதேபோல, ஆட்டோபைலட் ஓடும்போது உயரம், திசை, வேகம் வைக்கும் குமிழ்களை ஓட்டுபவரே திருப்புவார், மற்றவர் சரிபார்ப்பார். ஆட்டோபைலட்டை எடுத்துவிட்டுக் கையால் ஓட்டும்போது இது அப்படியே தலைகீழ்: ஓட்டுபவர் வாயால் சொல்வார், குமிழைத் திருப்புவது பக்கத்தில் இருப்பவர், கையில் விமானத்தை வைத்திருப்பவரின் கண் ஓட்டுவதை விட்டு விலகக் கூடாது என்பதற்காக. இதைப் பேப்பரில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தபோதுதான் யோசித்து வைத்த ஏற்பாடு என்று எனக்கு உறைத்தது.

அப்புறம் காக்பிட்டுக்குள் போனோம். கோயம்புத்தூர் ரன்வே 23. பையன் வலது சீட்டில் ஓட்டுகிறான், நான் இடது சீட்டில் கேப்டன், கண்காணிக்கும் பைலட். டேக்ஆஃப் ஓட்டத்தில் மட்டும் ஒரு விதிவிலக்கு: ஓட்டுவது யாராக இருந்தாலும், சக்தியை வைத்து முடித்த பிறகு த்ரஸ்ட் லீவர் மேல் கேப்டனின் கை இருக்கும். ஏதாவது கோளாறு என்றால் நிறுத்துவதா போவதா என்று முடிவு செய்வது கேப்டன் மட்டுமே. வேகம் நூறு நாட் (விமான வேகத்தை அளக்கும் அலகு) வந்ததும் 'ஒன் ஹண்ட்ரட்' என்றேன், அவன் 'செக்டு' என்றான். அந்த ஒரு சொல் பரிமாற்றத்தில் இரண்டு வேலை முடிகிறது: இரண்டு பக்கத்து வேகமானியும் ஒன்றே காட்டுகிறதா என்பது ஒன்று, பக்கத்தில் இருப்பவர் நினைவோடு இருக்கிறாரா என்பது இன்னொன்று. 'வீ ஒன்' வந்ததும் லீவரிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் நிறுத்த ரன்வே போதாது, போயே ஆக வேண்டும், அதனால் நிறுத்தும் ஆசைகூட வராதபடி கையையே விலக்கி வைக்கிறார்கள். 'ரொட்டேட்' என்றேன், மூக்கைத் தூக்கினான். உயரமானி ஏறுவதைப் பார்த்து 'பாசிட்டிவ் க்ளைம்ப்' என்றேன், 'கியர் அப் பெரியம்மா' என்றான். பெரியம்மாவை விட்டுவிட்டுச் சொல்லச் சொன்னார் பின்னாலிருந்த நிஜ கேப்டன். சொல்லின் வடிவம் மாறினால் காது அதை வேறாகக் கேட்கும், அவசரத்தில் அது ஆபத்து என்று விளக்கினார்.

10,000 அடிக்குக் கீழே காக்பிட்டில் வேலை தவிர வேறு பேச்சு கூடாது என்ற விதியையும் இங்கே விட்டுக்கொடுக்காமல் நடத்துகிறார். அமெரிக்காவில் 1981-ல் அது சட்டமானது. 1974-ல் சார்லட் நகரில் இறங்கும்போது சம்பந்தமில்லாத பேச்சில் உயரத்தைக் கவனிக்காமல் விழுந்த விமானம் அதற்கு முக்கியக் காரணம். நம்ம தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர், சுமார் 8,650 அடி. அதாவது தொட்டபெட்டா உயரத்தில் பறக்கிற விமானத்தில்கூட பைலட்டுகள் இன்னும் வாய்மூடி வேலையில் இருக்கிறார்கள். வலது பக்க ஜன்னலில் மலை தெரிந்ததும் பையன் 'அதோ லேம்ப்ஸ் ராக் பக்கமா' என்று ஆரம்பித்தான், பின்னாலிருந்து ஒரு விரல் நீண்டு உயரமானியைக் காட்டியது, அவ்வளவுதான்.

கண்காணிக்கிறவர் எதற்கு, இரண்டு பேருமே ஓட்டுவதில் கவனம் வைத்தால் என்ன என்று கேட்டேன். நம்ம மலை ரயிலைக் காட்டித்தான் பதில் சொன்னார். கல்லாறு தாண்டிப் பல்சக்கரத்தில் ஏறும்போது இஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது, டிரைவருக்கு முன்னால் பாதை தெரியாது, பெட்டி முகப்பில் நிற்கிற பிரேக்ஸ்மேன்கள் கொடி காட்டிக் காட்டித்தான் வண்டி போகிறது. ஓட்டுகிற பைலட்டும் கையில் இருக்கிற வேலையில் மூழ்கும்போது அப்படித்தான், முன்னால் வருவதை இன்னொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்படிப் பார்க்க ஒருவரும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஈஸ்டர்ன் 401 என்ற அமெரிக்கப் பயணிகள் விமானத்தைச் சொன்னார். 1972 டிசம்பர் 29 இரவு, மியாமி அருகே, முன்சக்கரத்துக்கான சின்ன பல்பு எரியவில்லை என்று காக்பிட்டில் எல்லோருடைய கவனமும் அந்தப் பல்பு மேல் போய்விட, ஆட்டோபைலட் உயரத்தைப் பிடிப்பதை விட்டதை ஒருவரும் கவனிக்காமல் விமானம் மெல்ல இறங்கி சதுப்புநிலத்தில் விழுந்தது. 101 பேர் இறந்தார்கள். எந்தக் கோளாறு வந்தாலும் ஒருவர் விமானத்தை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அவர் கவனம் அதிலிருந்து சிதறக் கூடாது என்பது இப்படிப்பட்ட விலை கொடுத்து எழுதிய விதி.

நடுவில் டீயும் வர்க்கியும். நன்றாக இருந்தது.

இந்த இடத்தைப் பற்றி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் அதற்குப் பிறகு நடந்தது. கேப்டன் தானே இடது சீட்டில் உட்கார்ந்து ஓட்ட, பையனை வலது சீட்டில் கண்காணிக்க வைத்தார், நான் பின் சீட்டில். கோயம்புத்தூரில் இறங்குகிறோம். 1,000 அடிக்கு வரும்போது சக்கரம், ஃபிளாப், வேகம், இறங்கும் வேகம், பாதை எல்லாம் வரம்புக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் இறங்காமல் மறுபடி மேலே ஏற வேண்டும், இதற்குத்தான் 'கோ அரவுண்ட்' என்று பெயர், யோசனைக்கே இடமில்லை. வேகம் வைக்க வேண்டியதற்கு மேல் பத்து நாட் கூடினாலோ ஐந்து நாட் குறைந்தாலோ கண்காணிப்பவர் 'ஸ்பீடு' என்று சொல்ல வேண்டும், நிமிடத்துக்கு ஆயிரம் அடிக்கு மேல் இறங்கினால் 'சிங்க் ரேட்'. இதெல்லாம் மேசையில் படித்ததுதான். கேப்டன் வேண்டுமென்றே இருபது நாட் அதிக வேகத்தில் வந்தார். பையன் திரையைப் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான். 'சார், ஸ்பீடு கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கோ?' என்றான். பதில் இல்லை. மறுபடி இன்னும் சின்னக் குரலில் 'சார்...' ரன்வே பெரிதாகிக்கொண்டே வந்தது. அவன் பிறகு வாயே திறக்கவில்லை.

கேப்டன் காட்சியை உறைய வைத்துவிட்டுத் திரும்பினார். திட்டவே இல்லை. 'தம்பி, என்கிட்ட கேள்வி கேட்காதே. ஸ்பீடுன்னு ஒத்தை வார்த்தை சொல்லு. நான் செக்டுன்னு சொல்லி சரி பண்ணணும். ரெண்டாவது தடவையும் நான் பதில் சொல்லலேன்னா நான் மயங்கிட்டேன்னு வெச்சுக்கோ, கண்ணைத் திறந்துட்டு உட்கார்ந்திருந்தாலும் சரி. ஐ ஹேவ் கண்ட்ரோல்னு சொல்லி எடுத்துக்கோ. அதுக்கு என்கிட்ட பர்மிஷன் வேண்டாம்.' இரண்டு முறை சொல்லியும் பதில் வராவிட்டால் செயலிழந்ததாக எடுத்துக்கொள்வது ஏர்லைன்களில் நிஜமாகவே உள்ள வழக்கம்.

ஏர்பஸ்ஸில் இன்னொன்றையும் காட்டினார். இரண்டு சைடுஸ்டிக்கும் ஒன்றோடொன்று இணைந்தவை கிடையாது, ஒன்றை அசைத்தால் மற்றது அசையாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அசைத்தால் கம்ப்யூட்டர் இரண்டையும் கூட்டிக்கொள்ளும், 'டூயல் இன்புட்' என்று கத்தும். அதனால் எடுப்பதென்றால் வாயால் சொல்லி, ஸ்டிக்கில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தி எடுக்க வேண்டும். பாதி மரியாதையோடு லேசாகத் தொட்டுப் பார்ப்பது இருக்கக் கூடாது.

மறுபடி அதே இறக்கம். இந்த முறை 'ஸ்பீடு' தெளிவாக வந்தது. மௌனம். 'ஸ்பீடு.' மௌனம். பையன் நிமிர்ந்து உட்கார்ந்து 'ஐ ஹேவ் கண்ட்ரோல்' என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினான், 'ப்ரையாரிட்டி ரைட்' (வலது சீட்டுக்கே முன்னுரிமை) என்றது விமானம், லீவரை முழுவதும் முன்னால் தள்ளி 'கோ அரவுண்ட், ஃபிளாப்ஸ்' என்றான். கேப்டன் உடனே கண்காணிப்பவராகி ஃபிளாப்பை ஒரு படி ஏற்றினார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் வீட்டில் பெரியவர்கள் சொல்வதை மறுத்துப் பேசிப் பழகாத பிள்ளை அவன். அவனுக்குத் தைரியம் வரச் சொல்லி யாரும் உபதேசம் செய்யவில்லை. என்ன சொல், எந்த எண்ணில் சொல்ல வேண்டும், பதில் வராவிட்டால் கை எங்கே போக வேண்டும் என்று முன்கூட்டியே இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட ஏற்பாடு இருந்தது, அது போதுமாக இருந்தது. சொல்கிறவன் அவமரியாதை செய்யவில்லை, கேட்கிறவருக்குக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

இது எவ்வளவு நிஜமான விஷயம் என்பதற்கு நமக்குத் தூரம் போக வேண்டியதில்லை. கூடலூர், பந்தலூர் பக்கத்தில் வளைகுடா போகிறவர்கள் பலருக்கும் பக்கத்து விமான நிலையம் கோழிக்கோடு கரிப்பூர்தான். 2020 ஆகஸ்ட் 7-ம் தேதி துபாயிலிருந்து 190 பேரோடு வந்த விமானம், மழையில், பின்காற்றோடு, அந்த மேட்டு ரன்வேயில் பாதி தாண்டும் அளவில் போய்த் தரை தொட்டு, நிற்க முடியாமல் சரிவில் விழுந்து 21 பேர் இறந்தார்கள், இரண்டு விமானிகளும் அதில் அடக்கம். விசாரணை அறிக்கை சொல்வது: இறக்கம் நிலையாக இல்லாதபோதும் ஓட்டியவர் தொடர்ந்தார், கண்காணித்தவர் 'கோ அரவுண்ட்' என்று சொன்னார், சொன்ன பிறகும் இறக்கம் தொடர்ந்தபோது அவர் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ளவில்லை. 2010 மே 22 மங்களூரிலும் ஃபர்ஸ்ட் ஆபீசர் கோ அரவுண்ட் என்று மூன்று முறை சொன்னதாக விசாரணையில் வந்தது, 158 பேர் இறந்தார்கள். இறந்துபோனவர்களைக் குற்றம் சொல்ல கேப்டன் இதைச் சொல்லவில்லை, குரல் தழுதழுக்கத்தான் சொன்னார். சொல்வதற்கும் எடுப்பதற்கும் நடுவில் இருக்கிற அந்த இரண்டு வினாடியைத்தான் பையனுக்குப் பழக்கினார்.

கடைசி ஒரு மணி நேரம் இஞ்சின் கோளாறு. நான் ஓட்ட, பையன் கண்காணிக்க, 'வீ ஒன்' தாண்டியதும் ஒரு இஞ்சின் போனது. மணி அடிக்கிறது, எச்சரிக்கை விளக்கு எரிகிறது, செய்ய வேண்டியது சக்கரத்தை மடக்குவதும் நேராகப் பறப்பதும் மட்டும், 400 அடி வரை வேறு எதையும் தொடக் கூடாது. அதற்கு மேல் போனபின் பங்கீடு மாறுகிறது: ரேடியோவும் ஓட்டுபவரிடம் வந்துவிடும், ஏனென்றால் கண்காணிப்பவர் திரையில் வரும் கோளாறுப் பட்டியலை ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும். இஞ்சினை அணைக்கும் சுவிட்ச் போன்ற, திரும்பப் பெற முடியாதவற்றைத் தொடும் முன் கை வைத்து 'கன்ஃபர்ம்?' என்று கேட்பார், ஓட்டுபவர் பார்த்து 'கன்ஃபர்ம்டு' என்ற பிறகுதான் கை அசையும். பதற்றத்தில் நல்ல இஞ்சினை அணைத்துவிட்ட விபத்துகள் நடந்திருக்கின்றன. பங்கீடு நல்லபடி நடந்த உதாரணமாக ஹட்சன் ஆற்றைச் சொன்னார்: 2009 ஜனவரி 15, டேக்ஆஃபில் ஓட்டிக்கொண்டிருந்தவர் ஃபர்ஸ்ட் ஆபீசர் ஸ்கைல்ஸ், பறவைகள் மோதியதும் கேப்டன் சல்லன்பெர்கர் 'மை ஏர்கிராஃப்ட்' என்றார், ஸ்கைல்ஸ் 'யுவர் ஏர்கிராஃப்ட்' என்று விட்டுக்கொடுத்துவிட்டு இஞ்சினை மறுபடி கிளப்பும் செக்லிஸ்ட்டை எடுத்தார். 155 பேரும் பிழைத்தார்கள்.

சரி, குறைகள். மின்சாரம் போனால் கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் இருக்கிறது, புரொஜெக்டருக்கு இல்லை, நாங்கள் இருந்தபோது வெளிக்காட்சி அணைந்து கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்தோம். அவர் அதையே பாடமாக்கினாலும் காசு கொடுத்தவர்களுக்கு அது நியாயமில்லை. கையில் கொடுக்கும் குறிப்பேடு முழுக்க ஆங்கிலம், எழுத்தும் பொடி. வாயால் அவ்வளவு அழகாகத் தமிழில் விளக்குகிறவர் அதையும் தமிழில் போட்டால் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போயும் படிப்பார்கள், அவரிடமே கேட்டிருக்கிறேன். கட்டணமும் அந்தப் பிள்ளைகளுக்கு அதிகம், மாதத்தில் ஒரு நாளாவது குறைத்து வைக்கலாம். சொல்லிக்கொடுப்பது ஏர்பஸ் முறை மட்டும். போயிங்கில் சொற்களும் சில பங்கீடுகளும் வேறு, ஒவ்வொரு ஏர்லைனும் தனக்கென்று நடைமுறைப் புத்தகம் வைத்திருக்கும். இதை அவர் சொல்கிறார், ஆனால் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள்.

போகிறவர்களுக்கு: பின்கட்டு அறை பயங்கரக் குளிர், ஸ்வெட்டர் வேண்டும். பெடல் எட்டாத உயரமுள்ள சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம். ஏப்ரல், மே சீசனில் ரோடு நெரிசலில் மணிக்கணக்காகிவிடும், காலை நேரத்தையே கேளுங்கள். வெளி மாவட்ட வண்டியென்றால் இ-பாஸ் எடுத்துக்கொண்டு ஏறுங்கள். கார் ஒன்றுதான் நிற்கும், கோத்தகிரி பஸ்ஸில் வந்து இறங்கி நடப்பது சுலபம். தனியாக வருகிறவர்களை அவர் எடுப்பதில்லை, ஜோடி சேர்ந்துதான் வர வேண்டும். முடிந்தால் வீட்டில் நீங்கள் எதிர்த்துப் பேசாத ஒருவரோடு போங்கள், அவரை ஓட்ட வைத்து நீங்கள் கண்காணியுங்கள். என் தங்கை மகன் அடுத்த முறைக்கு அவன் அப்பாவைக் கேட்டிருக்கிறான்.